பக்கத்து சீட் சாட்சி

“ஐயோ, அண்ணனை அடிக்கிறானே! யாராவது வந்து பாருங்களேன்!”

நர்ஸம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். ‘பத்திரமா ஏறிட்டேன்’ என்று மகளுக்கு அவள் அனுப்பிய செய்தி, விமானம் கிளம்பியதிலிருந்து போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபை குறி முழுசாகத் தெரிந்தும் இந்தக் கிழட்டுப் போன் சதி செய்கிறதே என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து சீட் இளைஞன் இப்படி அலறினான்.

அவன் போனில் ஒரு டயர் கடை தெரிந்தது. குரங்குக் குல்லா மாட்டிய ஒருத்தன், டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் கடைக்காரரை விளாசிக்கொண்டிருந்தான். முதல் அடியில் மேஜைக் கண்ணாடி நொறுங்கியது. அடுத்தது மண்டையில் விழுந்தது.

“எங்க கடைதான், அக்கா! கேமரால லைவா ஓடுது. ஆகாயத்துல உக்காந்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

விழுந்தவர் மேஜைக் காலைப் பிடித்துத் தவழப் பார்த்தார். கம்பி மறுபடி இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. விபத்து வார்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவளே ‘ஐயோ’ என்று கத்திவிட்டாள்.

தெருச் சண்டை என்றாலே கழுத்தை நீட்டுகிற ஜனம், சும்மா இருக்குமா? பின்சீட்டு ஆட்களெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும்படி அவன் போனை உயர்த்தியே பிடித்திருந்தான்.

“விரல் அசையுது தம்பி! உயிர் இருக்கு, உடனே ஆள் போனா காப்பாத்திடலாம்!” நர்ஸம்மா பணிப்பெண்ணைப் பார்த்துக் கத்தினாள். “கேப்டன்கிட்ட ஓடும்மா! கீழே போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லச் சொல்லு!”

பணிப்பெண் ஓடினாள். குல்லாக்காரன் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கிக் கடைசியாக ஓர் அடி போட்டான். விரல் நின்றுவிட்டது. ரத்தம் மட்டும் வாசல்வரை ஓடியது.

“பாத்தீங்கல்லக்கா? எல்லாரும் பாத்தீங்கல்ல? நான் இங்க இருக்கும்போதே அவரைக் கொன்னுட்டானே பாவி!”

அவன் அவள் தோளில் சாய்ந்து தேம்பினான். நர்ஸம்மாவுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைப் போல அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பணிப்பெண் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “கேப்டன் போலீஸுக்குத் தகவல் சொல்லிட்டார் சார். ஆனா, அவர் ஒண்ணு கேக்கச் சொன்னார்.”

“என்னது?”

“கிளம்பினதிலேர்ந்தே நம்ம ஃப்ளைட்டுக்கு நெட் கனெக்‌ஷனே இல்லையாம்... உங்களுக்கு மட்டும் லைவ் எப்படி சார் வந்துச்சு?”