ஈ காக்கா இல்லை

"கண்ணு தெரியலைன்னு ஆபரேஷனுக்குப் போனீங்க. வாஸ்தவந்தான். கண்ணு தெரிஞ்சிருந்தா வலைக்கூடாரத்தை அந்த லட்சணத்துல வெச்சிருப்பீங்களா?"

ஒரு மாத விடுப்பு முடிந்து வந்த தக்காளி ஆராய்ச்சியாளரை விதைப் பண்ணை மேலாளர் இப்படித்தான் வரவேற்றார். பால் பண்ணையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அங்கே தூசி தும்பு பார்க்க முடியாது என்று பெயர் வாங்கியவர்.

இந்தப் பெண்மணி மேல் அவருக்கு மரியாதை மருந்துக்கும் கிடையாது. காட்டுத் தக்காளியை நல்ல தக்காளியோடு சேர்த்துச் சேர்த்தே ஒருத்தி ஆறு வருஷத்தை ஓட்டுவாளா? சுண்டைக்காய் அளவு பழம், வாயில் வைக்க முடியாது. அதன் மரபணுவில்தான் இலைச்சுருட்டை நோயைத் தாங்கும் சக்தி இருக்கிறதாம். இன்று சோதிக்க வரும் நிபுணர் பார்த்துச் சரி என்றால் அந்தப் புது ரகம் விவசாயிகளுக்குப் போகும். இல்லையென்றால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

"கூடாரத்தைத் திறந்தீங்களா சார்? பூட்டியே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனேனே." அவள் குரல் இறங்கியது.

"ஏன் சொன்னீங்கன்னு திறந்ததும் தெரிஞ்சுபோச்சு. மூக்குல வாயில எல்லாம் வெள்ளை ஈ. இதை மறைக்கத்தானே பூட்டு? உங்க வண்டி கேட்டைத் தாண்டின கையோட மருந்தடிச்சேன். அப்புறம் வாராவாரம். இப்ப உள்ள ஒரு ஈ காக்கா கிடையாது."

அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கூடாரத்தை நோக்கி ஓடினாள். குட்டு வெளிப்பட்டால் யாரும் இப்படித்தான் ஓடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நிபுணர் வந்தார். கூடாரத்துக்குள் செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஓர் இலைகூடச் சுருளவில்லை. மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே மாதத்தில் தான் சாதித்ததை இவள் ஆறு வருஷமாகச் செய்யவில்லையே என்று ஏளனமாக ஒரு பார்வை பார்த்தார்.

நிபுணர் கடைசி வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது கடையில கிடைக்கிற சாதாரண ரகம்தானே? இந்நேரம் நோய் வந்து சுருண்டு கிடக்கணுமே. எப்படிப் பிழைச்சுது?"

"நான்தான் சார் பிழைக்க வெச்சேன்," என்று மேலாளர் முந்திக்கொண்டார். "ஈயைப் பூண்டோட ஒழிச்சுட்டேன்."

நிபுணர் கையிலிருந்த படிவத்தில் ஒன்றும் எழுதாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நோயைக் கொண்டுவர்றதே அந்த ஈதான் சார்," என்றாள் அவள். "எந்தச் செடி தாங்குது, எது சாகுதுன்னு உங்களுக்குக் காட்டத்தான் கிளம்புற அன்னைக்கு உள்ள விட்டுட்டுப் போனேன். எட்டு மாசமா நான் வளர்த்த ஈ."