வழியில் இருக்கிறவன்

உள்ளே அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இக்னேஷியஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரோடு சுவராக நின்றான். ஆராய்ச்சி செய்யப் போனவன், பூமியின் தென்கோடிப் பனிக்கண்டம்வரை போய் வந்தவன், சொந்த வீட்டில் திருடனைப்போல நிற்கிறான். வேறு வழியில்லை. ஜெபம் நடக்கும்போது குறுக்கே போனால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும்.

காட்டுப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டு லோகநாயகி அவனுக்காகவே கேட்டண்டை காத்திருந்தாள்.

"உங்கம்மா பொழுது சாஞ்சா உன் பேரச் சொல்லிகினே கீது நைனா. போய் வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. பாவம், அது நிம்மதியா தூங்கட்டும்."

அதைச் சொல்லத்தான் அவன் இத்தனை தூரம் வந்திருக்கிறான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வெளியூர் போனாலும், ஜெபமாலையின் முடிவில் அம்மா அவர்கள் பெயரைச் சொல்லி, பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். திரும்பி வந்தவர் முகம்கூடக் கழுவாமல் நேரே மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு, 'வந்துட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா 'ஆமென்' என்பாள். அதோடு அந்தப் பெயர் ஜெபத்திலிருந்து போய்விடும்.

சொல்லாதவரை போகாது.

அப்பா இருந்த காலத்தில், ஆவடி ஃபேக்டரி வேலையாக ஜபல்பூர் போய்விட்டு வந்த அசதியில் ஒருமுறை சொல்லாமலே படுத்துவிட்டார். அவருக்கு எதிரிலேயே சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, 'வழியில் இருக்கிற என் வீட்டுக்காரர் பத்திரமா வந்து சேரணும்' என்று ஒரு வாரம் வேண்டினாள் அம்மா. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி.

தொண்ணூறில் இக்னேஷியஸ் கப்பல் ஏறினான். படிப்பு முடிந்து கிடைத்த முதல் ஆராய்ச்சி வேலை. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் கப்பல் வரும். நடுவில் எது நடந்தாலும் திரும்ப முடியாது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டான்.

சூரியனே எழாத மாதங்களில் காற்று கூரையைப் பிய்த்துவிடுவதுபோல அடிக்கும். அப்போதெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வான். இந்நேரம் காட்டுப்பாக்கத்தில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

அவன் வேலை பனிக்கட்டியோடு. ஆழத்திலிருந்து எடுத்த கட்டிக்குள் பொடிப்பொடிக் குமிழிகளாகப் பழைய காற்று அடைபட்டிருக்கும். எந்தக் காலத்துக் காற்றோ! போன புதிதில், என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ஒரு துண்டை வெந்நீரில் போட்டான். படபடவென்று வெடித்தது. குனிந்து ஆசையாகக் கேட்டான். கேட்டு முடித்தபோது அந்தக் காற்று அறையின் காற்றோடு கலந்து போயிருந்தது. இனி அதை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உள்ளறையில் விளக்கு இல்லை. மெழுகுவத்தி வாசனையும் இல்லை. குரல் மட்டும் வந்தது. மூச்சு வாங்க நிறுத்துகிற அதே இடம். 'மரியே' என்பதில் அதே இழுப்பு.

"வழியில இருக்குற என் புள்ள இன்னாசி பத்திரமா ஊடு வந்து சேரணும்."

அம்மா வாயில் அவன் பெயர் எப்போதும் இன்னாசிதான். குரல் நின்றது. அவன் பதிலுக்காகத்தான் நின்றது.

இக்னேஷியஸ் சட்டென்று முட்டி போட்டான். வந்துட்டேம்மா. ஒரே வார்த்தை. சொன்னால் ஆமென் என்பாள். அதோடு அவன் பெயர் அந்த வாயிலிருந்து போய்விடும். அடுத்த பயணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்தப் பெயர் அங்கே இல்லாமல், எந்த தைரியத்தில் மறுபடி போய் அந்த இருட்டில் நிற்பது?

வெந்நீரில் பனிக்கட்டி வெடித்த சத்தம் காதுக்குள் கேட்டது.

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

உள்ளே அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அவன் ஓசைப்படாமல் எழுந்து வெளியே வந்து வாசல் கதவைச் சாத்தினான்.

"சொல்லிட்டியா நைனா?" கேட்டண்டையே நின்றிருந்த லோகநாயகி கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெத்தவ குழியில மண்ணு போடக்கூட வர முடியாத புள்ள, இதையாச்சும் செஞ்சியே. இனிமே அது கண்ண மூடும்."

இக்னேஷியஸ் பையிலிருந்த பூட்டை எடுத்துக் கதவில் மாட்டினான். நாளைக்குப் பொழுது சாயும்போது அந்தக் குரல் மறுபடி கேட்கும்; லோகநாயகிக்கே தெரிந்துவிடும். அந்நேரம் அவன் ரயிலில் போய்க்கொண்டிருப்பான்.