மாப்பிள்ளை வந்தானா

எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற பாசஞ்சர் வண்டி இங்கேயும் நிற்கிறது. ஜன்னலோரம் அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டுகளைச் சுற்றி நீலக் கம்பளி நூல் தொங்குகிறது. எதிர் சீட்டு நர்ஸ் அதை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றுகிறாள். காலை வரை இருவரும் யாரோ எவரோ. இப்போது நர்ஸின் மூக்குக்கண்ணாடி அம்மாவின் மடியில் கிடக்கிறது. தபாலாபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கைகள் அம்மாவுடையவை. அடுத்தவர் கடிதங்களை அவசர அவசரமாக ஊர் ஊராக அனுப்பியே ஆயுசு போயிற்று. வெயிலில் நூலின் பிசிறுகள் மினுங்குகின்றன. வெளியே, வண்டியைக் காரில் துரத்தி வந்த மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறான், விரலில் கார் சாவி ஆடுகிறது. "இறங்கும்மா. கார்ல ரெண்டு மணி நேரத்துல வீடு. இதுல போனா பொழுது சாஞ்சிடும்." "சாயட்டும்." "இந்த வயசுல எதுக்கு இந்தக் கஷ்டம்?" "யாருக்குடா கஷ்டம்? விடிஞ்சதுலேர்ந்து இவ கதையைக் கேட்டுட்டு வரேன். இப்பதான் தன் கல்யாணக் கட்டத்துக்கு வந்திருக்கா. மண்டபம் நிறைய ஜனம், மாப்பிள்ளையைக் காணோம். நான் இறங்கணுமாக்கும்!" நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். விசில் ஊதுகிறது. "அம்மா, பிடிவாதம் பிடிக்காதே!" "பிடிவாதம்தான். வேணும்னா நீ ஏறிக்கோ, இடம் இருக்கு." நர்ஸ் நூலை விடாமலே நகர்ந்து இடம் விடுகிறாள். வண்டி குலுங்கி நகர்கிறது; கம்பியிலிருந்து மகனின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. அம்மா கையசைக்கவில்லை, இரண்டு கையிலும் வேலை இருக்கிறது. "நீ சொல்லு," என்கிறாள் நர்ஸிடம், "வந்தானா, இல்லையா?"