மாத்தே குடுவையில் சவரச் சோப்பு

"சீஸ் துருவுற துருவியில சோப்பைத் துருவுறியா? உனக்கென்ன பைத்தியமா, மில்ட்டன்?"

சமையலறை வாசலில் நின்று கத்தினாள் ஸுல்மா.

அவள் கணவன் நிமிரவில்லை. மாமனாரின் பீங்கான் கிண்ணத்திலிருந்து கல் மாதிரி இறுகிய சவரச் சோப்பை நெம்பி எடுத்துத் துருவிக்கொண்டிருந்தான்.

"மணி அஞ்சு. எட்டு மணிக்கு விருந்தாளிங்க வந்துடுவாங்க. எம்பனாடாவுக்குள்ள வெச்சுப் பொரிக்கச் சீஸ் துருவணும். சோப்பு வாசத்தோட சாப்பிடச் சொல்றியா?"

"கழுவித் தரேன். இதுல ரெண்டு சொட்டு வெந்நீர் ஊத்து."

"எதுல?"

அப்போதுதான் பார்த்தாள். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிற, கறுப்புத் தோல் போர்த்திய ஒரு குடுவைக்குள் சோப்புத் துருவலைப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஐயோ! அப்பாவோட குடுவை! அக்கா, இங்க வந்து பாரேன்!"

பலூன் ஊதிக்கொண்டிருந்த மிர்த்தா ஓடிவந்தாள். பார்த்ததும் பலூனை விட்டுவிட்டாள். அது கூரை வரை போய்ச் சுற்றி விழுந்தது.

"அடப்பாவி! பதினாறு வருஷம் இலை போட்டுப் பழக்கின சுரைக்குடுவை. ஒரு தடவை சோப்பு ஊறினா அவ்வளவுதான், இனிமே அதுல ஒரு வாய் குடிக்க முடியுமா? ஸுல்மா, உன் புருஷன் பழி வாங்குறான்."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சீட்டாட்டத்தில், "மாமா, சீட்டை மறைக்காதீங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான் மில்ட்டன். அன்று முதல் மாமனார் அத்தாலிவா அவன் கையால் மாத்தே வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் சால்ட்டோ ஊரில் பேசாமல்கூட இருக்கலாம். நீட்டிய மாத்தேயை வாங்காவிட்டால் உறவு முறிந்ததாக அர்த்தம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றுதான் மகளிடம் சொல்லி அனுப்புவார்.

இன்று அவருடைய பேத்தி, ஸுல்மாவின் மகள் யானினாவுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள்; எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு அது கல்யாணம் மாதிரி. விருந்தில் முதல் வால்ட்ஸ் நடனம் தாத்தாவோடுதான் என்று சொல்லிவிட்டாள். தாத்தாவோ மூன்று வாரத் தாடியோடு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கை சரியில்லை. சவரக் கிண்ணம் இரண்டு முறை வழுக்கி விழுந்து உடைந்துவிட்டது. இது மூன்றாவது கிண்ணம். நாவிதரைக் கூட்டிவரவா என்று கேட்டதற்கு, "அடுத்தவன் சவரம் பண்ணிவிட நான் என்ன பொணமா? இந்த மூஞ்சியோட புள்ளை பக்கத்துல நிக்கமாட்டேன். நான் வரலை" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"பழி இல்ல அண்ணி" என்றான் மில்ட்டன். "கிண்ணத்தை மேசையில வெச்சா பிரஷ் சுத்தற வேகத்துக்கு ஓடுது. கையில எடுத்தா வழுக்குது. ஆனா ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாளே மாத்தே குடுவையை அந்தக் கையாலதானே பிடிச்சார்? எழுபது வருஷப் பிடி. விரல் தானா வளையுது."

மிர்த்தா கொஞ்சம் இறங்கிவந்தாள். "யோசனை சரிதான். அதுக்கு அவர் குடுவைதான் கிடைச்சுதா? நாளைக்குக் காலையில எதுல குடிப்பார்? உன் தலையிலயா?"

மில்ட்டன் தானே இரண்டு சொட்டு வெந்நீர் ஊற்றினான். சோப்பைக் கட்டைவிரலால் சமன்செய்து ஸுல்மாவிடம் நீட்டினான்.

"நீயே கொடு. நான் செஞ்சேன்னு சொல்லாதே. சொன்னா தொடமாட்டார்."

"இப்ப சொல்லல. விருந்து முடியட்டும், எல்லாத்தையும் சொல்றேன்" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அவள் கொடுத்துவிட்டு வந்ததும் அறைக் கதவு மறுபடி மூடிக்கொண்டது. அக்காளும் தங்கையும் அதில் காது வைத்தார்கள். பாதி ஊக்கு மாட்டிய கவுனோடு யானினாவும் வந்து நின்றாள்.

"என்ன கேக்குது?"

"உஷ்! பிரஷ் சுத்துது."

"விழுந்துதா?"

"இன்னும் இல்ல."

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அத்தாலிவாவின் முகம் சிவந்து வழவழவென்றிருந்தது. தாடையில் இரண்டு இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. இடது கையில் குடுவை உறுதியாக இருந்தது.

"என்கூட ஆடப்போற பொண்ணு யாரு?" என்றார்.

யானினா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஸுல்மாவால் விருந்து முடியும்வரை பொறுக்க முடியவில்லை. "அப்பா, மன்னிச்சுக்கோங்க. உங்க குடுவையை இந்த மனுஷன்தான் பாழாக்கிட்டான்."

"என் குடுவையா? அது மேசை மேல இருக்கு. இப்பத்தான் இலை போட்டு வெந்நீர் ஊத்தினேன்."

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமான வருஷம், அப்பாவுக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று என்று ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு குடுவை வாங்கியவளே ஸுல்மாதான்.

அத்தாலிவா கையிலிருந்த குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் அதை வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். அங்கே மில்ட்டன் துருவியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய், அதை அப்புறம் கழுவு" என்றார் அத்தாலிவா, குடுவையை அவன் முன்னால் நீட்டி. "இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான். ஆறிப்போறதுக்குள்ள குடி."