நாற்பதாவது ஆள்

“மூண்டு நாளும் நாலு மணித்தியாலமும் இந்த ஜெற்றியில காத்துக் கிடந்தனான், தம்பி. இப்ப வந்து இடமில்லை எண்டால் என்ன கதை?”

நல்லம்மா இறங்குதுறையின் ஏறுபலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள். லோஞ்ச் படகின் ஓட்டி மஹ்ரூப் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

“நாப்பது பேர் ஏறியாச்சு அக்கா. இனி ஏத்த ஏலா.”

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கடல்வழியை நேவி மூன்று நாளாக மூடி வைத்திருந்தது. இன்று திறந்ததும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அக்கரையில் வேலைக்குப் போயிருந்த நல்லம்மாவின் மகன் குணரத்தினம், காலில் ஷெல் துண்டு பட்டு ஆசுப்பத்திரியில் கிடந்தான். நாளை விடிந்ததும் அவனைக் கண்டிக்குக் கொண்டுபோகிறார்கள். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்த லோஞ்சை விட்டால் அதற்கு முன் அவனைப் பார்க்க வழியில்லை.

“என்ட மருமகள் எனக்கும் சேத்துத்தான் இடம் பிடிச்சவள்,” என்றாள் நல்லம்மா. “நான் நேவிச் சென்றியில பாஸ் காட்டிக்கொண்டு நிக்கேக்க என்ட கண்ணால பாத்தனான். நீங்கள் எத்தினை பேரெண்டு கேட்டீங்கள். அவள் ரெண்டு விரலைக் காட்டினவள். ஓமோ, இல்லையோ?”

“ஓம். ரெண்டு எண்டுதான் காட்டின. ரெண்டு எண்டுதான் நானும் எண்ணின.”

“அப்ப மற்றது நான்தானே?”

மஹ்ரூப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். லோஞ்சின் கடைசி இருக்கையில் மருமகள் பூரணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

நல்லம்மா எட்டிப் பார்த்து, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள். முன்னால் இருவர் இடத்தை நிறைத்துக்கொண்டு இருந்த வியாபாரி ஸெய்னுதீனிடம் விரல் வந்ததும் அவர் பதறினார்.

“அக்கா, என்ன ஒண்டாவே எண்ணுங்க. உடம்பப் பாத்துக் கூட்டிப் போடாதீங்க!”

லோஞ்ச் சிரித்தது. நல்லம்மா சிரிக்கவில்லை.

“முப்பத்தொன்பது! அந்தப் பொம்பிளையின்ட மடியில கிடக்கிற குழந்தையையும் சேத்துத்தான் எண்ணினனான். ஆருக்கு ஒளிச்சு இடம் வைச்சிருக்கிறீங்கள்?”

“அல்லாஹ் அறிய ஒருத்தருக்கும் இல்ல. நாப்பதுதான்.”

“கந்தோரால தந்த பெர்மிட்டில அறுபதெண்டு கிடக்கு. அரசாங்கமே அறுபது பேரை விடுது. நாப்பதெண்டு சொல்ல நீங்கள் ஆர்?”

“அறுபதெண்டு எழுதினவர் இந்தக் கடல்ல ஒருநாளும் வந்ததில்ல அக்கா. சண்டை துவங்கின பிறகு பாக்கிறத்துக்கும் ஆள் வாறல்ல. நூறு பேர ஏத்தினாலும் கேக்க ஆளில்ல. கேக்க ஆளில்ல எண்டதாலதான் நாங்க ஓட்டிமாரெல்லாம் இதே ஜெற்றியில இருந்து பேசி நாப்பதெண்டு வெச்ச. என்ட லோஞ்ச் என்ன தாங்கும் எண்டு எனக்குத் தெரியாதா?”

“தலையை எண்ணத் தெரியாத ஆளுக்கு லோஞ்ச் தெரியுமாக்கும்!”

“நான் தலைய எண்ணுறல்ல,” என்றார் மஹ்ரூப் பொறுமையாக. “ஏறுறவங்க சொல்லுறத்த எண்ணுற. சொன்னா நம்புற.”

“காக்கா, கச்சான் காத்து எழும்ப முதல் எஞ்சினப் போடுங்க,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் ஓட்டியை அவசரப்படுத்தியது. இடம் தருகிறேன் என்று யாரும் எழும்பவில்லை. எல்லோருமே மூன்று நாள் காத்திருந்தவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் அக்கரையில் ஒரு அவசரம் இருந்தது.

நல்லம்மாவின் குரல் உடைந்தது. “தம்பி, என்ட பிள்ளை ரெண்டு காலோட இருக்கேக்க ஒருக்காப் பாக்க வேணும். நான் பாரமில்லை. ஒரு மூலையில குந்திக்கொண்டு வாறன்.”

மஹ்ரூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீங்க பாரமில்ல அக்கா. உங்கள ஏத்தினா அடுத்த ஆளுக்கு நான் என்ன சொல்ற?”

அப்போது பூரணி எழுந்தாள். முழங்கால்களுக்கிடையே வழி தேடி முன்னால் வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“மாமி, நான் இறங்கிறன். நீங்கள் போங்கோ.”

“நீ ஏனடி இறங்க? கணக்குத் தெரியாதவர் அவர்.”

“அவரில பிழையில்லை மாமி. நான் ஒரு விரலைக் காட்டியிருந்தா உங்களுக்கு இடம் வந்திருக்கும். இந்தத் தண்ணிக்கு மேல நிண்டு பொய் சொல்ல மனம் வரேல்லை.”

“என்னடி பொய்?”

பூரணி குனிந்து மாமியின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. 

நல்லம்மா பலகையில் வைத்த காலை மெல்ல எடுத்தாள். கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மருமகளிடம் கொடுத்தாள். குடையையும் கொடுத்தாள்.

“எஞ்சினடியில இராதை, புகை பிடிக்கும். நடுவில இரு. அவனிட்ட நீயே சொல்லு. மஹ்ரூப் தம்பி, அலைக்குள்ள மெல்லமா விடுங்கோ.”

“ஓம் அக்கா,” என்றார் மஹ்ரூப். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

கயிறு அவிழ்ந்தது. ஸெய்னுதீன் நம்பாமல் ஜெற்றியை எட்டிப் பார்த்தார்.

“என்ன அக்கா, இவ்வளவு நேரம் சண்டை பிடிச்சிப்போட்டு நீங்க போகல்லியா? மகனப் பாக்க வேணாமா?”

நல்லம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கூவிச் சொன்னாள்:

“நாப்பதாவது ஆள் என்ட பேரப்பிள்ளை, தம்பி! அது தகப்பனைப் பாக்கப் போகுது!”