பேச்சு அலமாரி

“இசைத்தட்டை விளிம்புல பிடிக்கணும், மனுஷனை...” என்று அப்பா ஏதோ சொல்வார். மனுஷனை எங்கே பிடிக்கச் சொன்னார் என்பதுதான் வானொலி நிலைய இயக்குநருக்கு மறந்துவிட்டது.

இப்போது எதிரே நிற்கிற மனுஷனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் கை துடித்தது. ஆனால் வந்தவருக்கு எண்பத்தாறு வயது.

வீட்டில் அவருக்குப் பெயர் தீக்குச்சி. அப்பா வைத்த பெயர். ஒரு காலத்தில் இதே வானொலி நிலையத்தில் இசைத்தட்டு நூலகராக இருந்தவர். அறுபதுகளின் கடைசியில் வெளிவந்த ஜாஸ், சோல், பிரேசில் பாட்டு என்று அப்பா பார்த்துப் பார்த்து வரவழைத்த நூற்று நாற்பது எல்.பி. இசைத்தட்டுகள் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அவற்றை வைத்து அப்பா ஆறு வருஷம் ஞாயிறு மாலை நிகழ்ச்சி நடத்தினார்.

அப்புறம் புதிதாக ஒரு மந்திரி வந்தார். தன் பேச்சுகளைத் தட்டுத் தட்டாகப் போட்டு நிலையத்துக்கு அனுப்பி ஓர் அலமாரியையே நிரப்பினார். அந்நிய இசை ஆளைக் கெடுக்கிறது, எல்லாவற்றையும் மைதானத்தில் குவித்து எரியுங்கள் என்றார். தீக்குச்சி வாயைத் திறக்கவில்லை. பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அதோடு நிகழ்ச்சி போயிற்று. அப்பா சாகிறவரை அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதுகூடப் போகட்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வருஷம் தவறாமல் அவரிடமிருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் வரும். ‘மாண்புமிகு மந்திரி அவர்களின் உரைத் தட்டுகள் உள்ள அலமாரியைத் தயவுசெய்து அப்புறப்படுத்த வேண்டாம்.’ வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு வருஷத்தில் இயக்குநருக்கும் இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் குப்பைக்கூடைக்குப் போயின.

இன்றைக்கு அந்த அலமாரியைக் காலி செய்கிறார்கள். மந்திரியின் பேச்சைக் கொடு என்று ஐம்பது வருஷத்தில் ஓர் ஆத்மா கேட்டதில்லை. பழைய சாமான்காரரின் வண்டி பின்பக்கம் வந்து நின்றுவிட்டது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. எப்படியோ மோப்பம் பிடித்துக் கிழவர் ஓடி வந்திருக்கிறார்.

“பாட்டைக் கொளுத்தினீங்க. பேச்சைக் காப்பாத்த ஓடி வர்றீங்க,” என்றார் இயக்குநர். “மந்திரிதான் போன மாசமே போய்ச் சேர்ந்துட்டாரே. இன்னும் யாருக்கு ஐயா விசுவாசம்?”

“அவர் போயிட்டார்ங்கிறதாலதான் தம்பி நேர்லயே வந்தேன்.”

உட்காரச் சொல்லியும் கிழவர் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது.

“ஒண்ணே ஒண்ணு போட்டுக் கேளுங்க. அப்புறம் தாராளமா தூக்கிப் போடுங்க.”

“என்ன விஷயம்னு வாயால சொல்லுங்களேன்.”

“நான் சொன்னா நம்புவீங்களா? நீங்க உங்கப்பா பிள்ளை.”

தொலைகிறது, எஜமான் குரலைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. ஒலிப்பதிவுப் பெண்ணைக் கூப்பிட்டு, வண்டியில் ஏறிவிட்ட பெட்டியிலிருந்து ஏதாவது ஒன்றை உருவி வரச் சொன்னார்.

அவள் கொண்டுவந்தது ‘கூட்டுறவும் குடிமக்கள் கடமையும், பாகம் நான்கு.’ வெள்ளை உறை. உள்ளேயிருந்து தட்டை எடுத்தவள் நடுவில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கினாள்.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு ஒரு கிதார். அதன்மேல், காதோரம் வந்து பேசுகிற மாதிரி ஒரு பெண்ணின் குரல். பிரேசில் பாட்டு.

இயக்குநர் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை. சவரம் செய்யும்போது அப்பா விசிலடித்த பாதிதான் தெரியும். மீதிப் பாதி இப்போது வந்தது.

அவள் ஓடிப்போய் இன்னும் இரண்டை எடுத்துவந்து பாகம் ஐந்தைப் போட்டாள். சாக்ஸபோன் அறையையே தூக்கிக்கொண்டு போயிற்று. ‘உழைப்பே உயர்வு’ உறைக்குள்ளிருந்து ஒருத்தி நெஞ்சைக் கிழித்துக்கொண்டு பாடினாள். ஏன் ஆளையே காணோம் என்று கேட்க வந்த வண்டிக்காரர், கதவருகே நின்று காலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

இயக்குநர் பின்பக்கம் ஓடினார். பெட்டி ஒவ்வொன்றையும் குழந்தையை இறக்குவதுபோல் தன் கையாலேயே இறக்கினார். பிரித்துப் பார்த்து எண்ணினார்கள். நூற்று நாற்பதும் இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

திரும்பி வந்து கிழவர் எதிரே நின்றார் இயக்குநர்.

“எங்கப்பாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?”

“உங்கப்பாகிட்டயா? அடுத்த ஞாயித்துக்கிழமையே ரேடியோவுல போட்டிருப்பாரே தம்பி. ரெண்டு பேருமே உள்ளே போயிருப்போம்.” கிழவருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. “என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு. அந்தத் திட்டு இருந்ததாலதான் யாருக்கும் என்மேல சந்தேகம் வரலை. மந்திரி பதவி போனப்புறமும் அவர் கை ஓங்கித்தான் இருந்துச்சு. அவர் கண்ணை மூடட்டும்னு காத்திருந்தேன். மனுஷன் தொண்ணூத்தேழு வரைக்கும் இழுத்துட்டாரு.”

ஒலிப்பதிவுப் பெண்ணுக்கு ஒன்றுதான் புரியவில்லை. அத்தனை பேர் கூடியிருந்தார்களாமே, நூற்று நாற்பது தட்டுகள் கருகிப் போனதைப் பார்த்தார்களாமே, அப்படியானால் அன்றைக்கு எரிந்தது என்ன என்று கேட்டாள்.

கிழவர் இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எரிக்க வந்த குழு மேலுறையைத்தாம்மா எண்ணுச்சு. உள்ளே என்ன தட்டுன்னு எவனும் எடுத்துப் பார்க்கலை. ஆனா உறை காலியா இருந்தா கனம் காட்டிக் கொடுத்துடுமே. முந்தின நாள் ஒரு மத்தியானம் பூரா யோசிச்சேன். மந்திரியே வந்து தீ வைக்கப்போறதா சொன்னாங்க. அவர் பேச்சை அவர் கையாலேயே கொளுத்தட்டும்னு முடிவு பண்ணினேன்.”