கடைசி நிரையின் மகாராணி

கர்ர்... கர்ர்... கர்ர்...

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் யாரோ காய்ந்த பலகையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பகல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண்கள் சுற்றிலும் பார்த்தார்கள். எலி என்றாள் ஒருத்தி. ஜீவராணிதான் தூணைக் காட்டினாள்.

ஒரே ஒரு குளவி. தூணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மரத்தைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

"கூடு கட்ட எடுக்குது. மென்னு, எச்சியக் கலந்து, காகிதமாக்கிடும். தனியா வர்றது ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஜீவராணி ரொட்டியோடு மடுவத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

போன வருஷம் கொட்டு வாங்கி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்னொரு கொட்டு வாங்கினால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். படுத்திருந்த நாளெல்லாம் ஃபோனில் குளவி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியதில், தோட்டத்துக்குச் செலவில்லாமல் ஒரு குளவிப் பண்டிதை கிடைத்திருந்தாள்.

துரைமாரும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் உயிர்மேல் உள்ள அக்கறையில் ஆபீஸ் சுவரில் ஒரு கடிதம் ஒட்டினார்கள். குளவி விஷம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கூடு இருக்கும் மலையில் வேலை கிடையாது. கூட்டை அகற்ற ஆளில்லை. பெயரை அகற்ற ஆபீசில் ஆள் தாராளம்.

நல்லவேளை, இவர்கள் கொழுந்து பறிக்கும் ஏழாம் நம்பர் மலையில் கூடு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அதனால் ஜீவராணியின் பெயர் செக்ரோல் பதிவேட்டில் பிழைத்துக் கிடந்தது.

பண்டிதை தொடர்ந்தாள். "ஒவ்வொரு கூட்டுலயும் ஒருத்தி இருப்பா. மத்தவளுகளக் கடிச்சு, முட்டி, வேலைக்கு வெரட்டிவிடுவா. தான் மட்டும் கூட்ட விட்டு அசையமாட்டா. வெளிய போனா குருவி கொத்திடுமில்ல? ஆபத்தெல்லாம் அடுத்தவளுக்கு." தனியாக உட்கார்ந்திருந்த காளியாயியைப் பார்த்தாள். "நம்ம மலையிலயும் ஒரு மகாராணி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

காளியாயி மூன்று வாரமாக, மானாப்புல் ஓரமாகப் போகும் கடைசிச் செடி வரிசையை, அந்த நிரையை, யாருக்கும் விடுவதில்லை. மலையிலேயே நல்ல கொழுந்து அங்கேதான். பக்கத்தில் யாராவது வந்தால் கூடையால் இடித்துத் தள்ளுவாள், ஏச்சு தனி. போதாததற்கு, மகனின் பழைய சொக்ஸை நுனி வெட்டி இரண்டு கையிலும் முழங்கை வரை இழுத்துவிட்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதில் கை கறுத்துவிடும் என்ற கவலை போலும்.

மூக்கன் கங்காணி வந்ததும் ஜீவராணி வழக்கை எடுத்தாள்.

"கங்காணிங்க, கடைசி நெரை காளியக்காவுக்குச் சீதனமா வந்துச்சா? நாங்க மட்டும் கட்டையையும் முத்தல் எலையையும் தடவணுமா?"

மூக்கன் கங்காணிக்கு நியாயம் பிடிக்கும். பத்துப் பெண்கள் ஒரே பக்கம் நின்று சத்தம் போட்டால் ரொம்பவே பிடிக்கும். பின்னேரத்துக்குக் கடைசி நிரை ஜீவராணிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ரோட்டோரம் ஃபோன் பேசப் போய்விட்டார்.

தூணிலிருந்த குளவி உருண்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுப் பக்கம் பறந்தது. கூடையை மாட்டிக்கொண்டு ஜீவராணியும் மேட்டுக்கு ஏறினாள்.

பறித்துக்கொண்டே நிரைக்குள் பத்தடி வைத்திருப்பாள். பின்னால் மூச்சிரைப்பு. காளியாயி கூடைக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. ஜீவராணி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். கொழுந்து சிதறியது.

கத்த வாயெடுத்தவளின் வாயைக் காளியாயி பொத்தினாள். இழுபறியில் கைச் சொக்ஸ் மணிக்கட்டுக்கு இறங்கியது.

கை வீங்கிப் புடைத்திருந்தது. காய்ந்த கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கிடையே இன்றைய சிவப்பு. ஆறு நாள் ஜீவராணி தன் உடம்பில் பார்த்த அதே புள்ளிகள்.

காளியாயி தாடையால் காட்டினாள். நாலு செடி தள்ளி, கிளைக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் காகிதம் ஒன்று கவிழ்ந்து தொங்கியது. அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு குளவிகள்.

ஜீவராணி கானுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டாள். "ஏன்க்கா சொல்லல?"

"யாருகிட்ட? கங்காணிகிட்ட சொன்னா அவருக்கு மேல இருக்க கண்டாக்குக்குப் போகும். கண்டாக்கு ஆபீசுக்குச் சொல்லுவாரு. அப்புறம் கூடு இங்கயே இருக்கும், ஒன் பேருதான் இருக்காது."

"கை..."

"ரெண்டு தடவ கூட்டப் பிச்சுப் போட்டேன். திருப்பிக் கட்டுதுங்க. அதுங்களுக்கும் பொழப்பு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

மூன்று வாரத்தில் முதல் முறையாகக் காளியாயி சிரித்தாள். "ஒங்கிட்டயா? பீலியில கொடம் நெறையுறதுக்குள்ள ராகலை டவுன் வரைக்கும் போயிருக்குமே."

கீழேயிருந்து மூக்கன் கங்காணியின் குரல் வந்தது. "அங்க என்னா சத்தம்?"

ஜீவராணி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பேசுவதற்கு முன் யோசிப்பது அவளுக்குப் புதுப் பழக்கம்.

"ஒண்ணுமில்லீங்க கங்காணி. இந்தப் பொம்பள வாயோட யாரு மல்லுக்கட்டுறது? இந்த நெரைய மகாராணியே வச்சுக்கட்டும்."

கீழே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காளியாயி சொக்ஸை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி நிரைக்குள் போனாள். ஜீவராணி குனிந்து, சிதறிய கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.